கடற்கரையில் மைக்ரோவேவ் மோஷன் சென்சார்: எங்கே மாட்டுவது, எதை வடிகட்டுவது

சித்திரை, வைகாசியில் கீழக்கரை, மண்டபம், தேவிபட்டினம் பக்கம் வாசலில் பி.ஐ.ஆர். சென்சார் விளக்கு மாட்டியவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: ஆள் பக்கத்தில் வந்து நின்று கையை ஆட்டினால்தான் எரிகிறது. சென்சாரில் கோளாறு எதுவும் இல்லை. பி.ஐ.ஆர். பார்ப்பது வெப்ப வித்தியாசத்தை. மனிதத் தோல் 33, 34 டிகிரி. பகல் முழுக்கக் காய்ந்த சுவரும் சிமெண்டுத் தரையும் ராத்திரி எட்டு மணிக்கும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருந்தால், அதற்கு ஆளும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். போதாததற்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் லென்ஸில் உப்புப் படிந்து மங்கிவிடும்.

அதனால்தான் பலர் மைக்ரோவேவ் டாப்ளர் சென்சாருக்கு மாறுகிறார்கள். மாறியதும் குறை தலைகீழாகிவிடும்: ஆளே இல்லாமல் எரிகிறது, விடிய விடிய எரிகிறது. உடனே சென்சிடிவிட்டியைக் குறைப்பார்கள். அப்புறம் ஆள் வந்தாலும் எரியாது. கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள்.

இந்த வகை சென்சார் காரணமில்லாமல் எரிவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எரிந்தால் ஏதோ ஒன்று அசைந்திருக்கிறது, அல்லது சப்ளையில் ஏதோ ஒன்று துடித்திருக்கிறது. அது எது என்று கண்டுபிடித்து, சென்சாரின் பார்வையிலிருந்து விலக்குவதுதான் முக்கால்வாசி வேலை. சென்சிடிவிட்டியைத் தொடுவது கடைசியில்.

வேலை செய்யும் விதம்

சென்சாரின் உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டுதான் மாட்யூல். அது ஓயாமல் ஒரு மைக்ரோவேவ் அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். எதன் மீதாவது பட்டுத் திரும்பி வரும் அலையை, அனுப்பும் அலையோடு கலந்து பார்க்கும். எதிரே உள்ள பொருள் சும்மா நின்றால் இரண்டும் ஒரே அதிர்வெண். கலந்தால் அசையாத ஒரு டி.சி. வோல்டேஜ்தான் கிடைக்கும். பொருள் நெருங்கி வந்தால் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் கூடும், விலகிப் போனால் குறையும். அலைக்கு எதிராகப் போகும் வள்ளத்தில் அலை அடிக்கடி மோதும், அலையோடு சேர்ந்து போகும்போது விட்டு விட்டு மோதும் அல்லவா, அதே கணக்கு. ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்னது இதைத்தான்.

அந்த வித்தியாசம்தான் டாப்ளர் அதிர்வெண். வேகத்தை 2ஆல் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் கிடைத்துவிடும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று பாதை இரண்டு தடவை மாறுவதால்தான் அந்த 2.

நம் கைக்குக் கிடைக்கும் மாட்யூல்களுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆள் நிதானமாக நடக்கும் வேகத்தை வினாடிக்கு 1 மீட்டர் என்று வைத்தால், 3.18 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்.சி.டபிள்யூ.எல். 0516 மாட்யூலில் 21 ஹெர்ட்ஸ் வரும். கடையில் விற்கும் ரேடார் எல்.இ.டி. பல்புகளில் பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸ், அதில் 39. எச்.பி. 100 மாட்யூல் 10.525 கிகாஹெர்ட்ஸ், அதில் 70. 24.125 கிகாஹெர்ட்ஸ் சி.டி.எம். 324இல் 161. எல்லாமே காதுக்குக் கேட்கும் அதிர்வெண்கள். அதனால் ஆடியோவுக்குப் போடும் சாதாரண ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) சர்க்யூட்டே போதும்.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். மாட்டும்போது இதுதான் அதிகம் உதவும். பொருள் அரை அலைநீளம் நகர்ந்தால் ஒரு சுற்று. எச்.பி. 100இல் அது 14 மி.மீ. ஆள் 2 மீட்டர் நடந்து வந்தால் 140 சுற்று. ஓலை நுனி 10 செ.மீ. ஆடினால் 7 சுற்று, அப்புறம் திசை திரும்பி மறுபடி 7. 24 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 6 மி.மீ.தான், சின்ன அசைவுக்கே பல சுற்று எண்ணிவிடும். 3.18இல் 47 மி.மீ., அதனால் சின்ன நடுக்கத்தை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. காற்றடிக்கும் இடத்துக்குக் குறைந்த அதிர்வெண் நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

கணக்கில் வரும் வேகம் சென்சாரை நோக்கி வரும் வேகம் மட்டும். 60 டிகிரி சாய்வாக நடந்தால் பாதி, நேர் குறுக்கே கடந்தால் சுழி. ஆகவே ஆள் சென்சாரை நோக்கி நடந்து வருகிற மாதிரி மாட்ட வேண்டும். பி.ஐ.ஆருக்கு இது அப்படியே எதிர்மாறு: குறுக்கே கடந்தால்தான் அதற்கு நன்றாகத் தெரியும். பழைய பி.ஐ.ஆர். இருந்த ஆணியிலேயே டாப்ளரை மாட்டிவிட்டு ரேஞ்ச் இல்லை என்று சொல்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

நம் கரையில் என்னவெல்லாம் அசைகிறது

முதலில் கடல். சென்சாரைக் கடல் பார்த்து மாட்டவே கூடாது. முழங்கால் ஆழத் தண்ணீரில் அலை வினாடிக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் வேகத்தில் கரைக்கு ஓடி வரும். எச்.பி. 100இல் அது 155 ஹெர்ட்ஸ், அதாவது மெல்ல ஓடி வரும் ஒரு ஆள். கொட்டகை கடலை ஒட்டி இருந்தால் சென்சாரைக் கடல் பக்கச் சுவரில் மாட்டி நிலத்தைப் பார்க்க வையுங்கள். ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் இரண்டு பக்கமும் கடல் என்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. சோளகக் காலத்தில் (தென்மேற்குக் காற்று) தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அந்த நேரத்தில் வடகடல் கரையில் மாட்டிச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கார்த்திகையில் வாடை திரும்பியதும் தினமும் ராத்திரி எரியத் தொடங்கும். அமைதியான நாளில் செய்த சோதனையை நம்ப வேண்டாம்.

அடுத்து மரம். பனை ஓலை பெரியது, விறைப்பானது, நுனி வேகமாக ஆடும்; ஈரமாக இருந்தால் நன்றாகவே அலையைத் திருப்பி அனுப்பும். சீமைக்கருவேலம் சின்ன இலை என்றாலும் கிளை முழுவதும் சேர்ந்து ஆடும். பார்வைக்குள் 8 மீட்டரில் ஒரு கருவேலம் புதர் இருந்தால் எந்த ஃபில்டரும் முழுமையாகக் காப்பாற்றாது. வெட்டுங்கள், இல்லை சென்சாரைத் திருப்புங்கள்.

தகரம்தான் மோசமான எதிரி. கூரைத் தகரத்தில் ஒரு ஜே போல்ட் தளர்ந்து, தகடு காற்றில் படபடத்தால் அசைவு சில மி.மீ.தான், ஆனால் அலையை முழுக்கத் திருப்பி அனுப்பும் பரப்பு அது. வாஷர் போட்டு போல்ட்டை முறுக்குவதுதான் மருந்து. சென்சாரையே அந்தத் தகரத்தில் மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: சென்சார் ஆடினால் எதிரே உள்ள உலகம் முழுவதும் ஆடுவதாகத்தான் அதற்குத் தெரியும். கான்கிரீட் தூணிலோ செங்கல் சுவரிலோ நான்கு திருகு போட்டு மாட்டுங்கள். மூங்கில், ஜி.ஐ. பைப்பின் உச்சி எல்லாம் வேண்டாம்.

வலைக் கொட்டகையில் காய்ந்த நைலான் வலை பெரிய தொந்தரவு தராது, அலை ஊடுருவிப் போய்விடும். நனைந்த வலையும், ஈயக்குண்டு கோத்த அடிக்கயிறும் தொங்கி ஆடினால் தெரியும். கிடுகு வேலி, பலகைக் கதவு, ஃபைபர் படகின் உடம்பு இவற்றின் வழியே அலை போகும் என்பதை நினைவில் வையுங்கள். படகுக்குப் பின்னால் பதுங்கும் ஆளைப் பார்க்க இது உதவும். அதே குணத்தால் வேலிக்கு அந்தப் பக்கம் தெருவில் நடப்பவரையும் பார்க்கும். வெறும் செங்கல் சுவரும் முழுத் தடுப்பு அல்ல. உலோகம் மட்டும்தான் நிறுத்தும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளுக்கு ஒரு கணக்கு. திரும்பி வரும் சக்தி தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒரு பஸ் மனிதனைவிட 100 மடங்கு அதிகமாக அலையைத் திருப்பினால், அதன் ரேஞ்ச் மனிதனுடையதைவிட 3.16 மடங்கு. ஆளுக்கு 6 மீட்டர் என்று வைத்த சென்சார், பஸ்ஸை 19 மீட்டரிலேயே பார்த்துவிடும். அதனால் சாலையைப் பார்த்து மாட்டிவிட்டு சென்சிடிவிட்டியைக் குறைப்பது பலன் தராது. 6 மீட்டரில் போகும் பஸ் மறையும் அளவுக்குக் குறைத்தால் ஆள் 2 மீட்டரில்தான் தெரிவார். சாலைக்கு முதுகு காட்டி மாட்டுவதே வழி.

வீட்டுக்குள்ளும் லாட்ஜ் தாழ்வாரத்திலும் இரண்டு விஷயம். சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் வினாடிக்கு 5 சுற்று. மூன்று இறக்கை என்பதால் வினாடிக்கு 15 தடவை அதே காட்சி திரும்பத் திரும்ப வரும். அந்த 15 ஹெர்ட்ஸ் எல்லா சென்சாரும் கவனிக்கும் அதிர்வெண் பட்டைக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று பி.வி.சி. பைப். உள்ளே ஓடும் தண்ணீரை இந்த சென்சார் பிளாஸ்டிக்கைத் தாண்டிப் பார்க்கும். மோட்டார் போட்டு மேல் டேங்க் நிரம்பும்போதும், மாடியில் யாராவது ஃப்ளஷ் இழுக்கும்போதும் விளக்கு எரிந்தால் பேய் பிசாசு எதுவும் இல்லை. சுவரில் இறங்கும் பைப்பைப் பாருங்கள். ஜி.ஐ. பைப்பில் இந்தப் பிரச்சினை கிடையாது.

டியூப் லைட்டின் 100 ஹெர்ட்ஸ்

டியூப் லைட்டுக்குள் எரியும் வாயு அயனியாகும்போது மைக்ரோவேவைத் திருப்பி அனுப்பும். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அரைச் சுற்றுக்கு ஒரு தடவை என்று வினாடிக்கு 100 தடவை அந்த வாயு ஏறி இறங்கும். சென்சாருக்கு அது 100 ஹெர்ட்ஸ் டாப்ளர். எச்.பி. 100இல் 100 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 1.42 மீட்டர், மணிக்கு 5.1 கி.மீ. கச்சிதமாக மனிதன் நடக்கும் வேகம்! சி.டி.எம். 324இல் அதுவே 0.62 மீட்டர், மெதுவாக ஊர்ந்து வரும் ஆள். ஆர்.சி.டபிள்யூ.எல். மாட்யூலில் 4.7 மீட்டர், ஓட்டம். எல்.இ.டி.யில் இந்த வாயு கிடையாது. என்றாலும் மட்டமான டிரைவரும் மட்டமான அடாப்டரும் சப்ளை வழியே அதே 100 ஹெர்ட்ஸை உள்ளே விடும். அதனால் சப்ளையைச் சுத்தம் செய்யாமல் வேறு எதையும் சோதிக்காதீர்கள். 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எச்.பி. 100, சி.டி.எம். 324 என்றால் பேட்டரிக்கும் மாட்யூலுக்கும் இடையில் ஒரு 7805 ரெகுலேட்டர் போட்டு 5 வோல்ட் ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். பேட்டரியில் நிம்மதியாக இருந்து அடாப்டரில் பதறினால் குற்றவாளி அடாப்டர்.

ஆர்.சி.டபிள்யூ.எல். 0516: மலிவு, ஆனால் பக்குவமாக வைக்க வேண்டும்

தொடங்குபவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். 36 மி.மீ. நீளம், 17 மி.மீ. அகலம், 4 முதல் 28 வோல்ட் வரை எது கொடுத்தாலும் ஓடும், 3 மில்லி ஆம்பியருக்குள் குடிக்கும். ஒரு நாளுக்கு 72 மில்லி ஆம்பியர் மணி. சின்ன சோலார் பேனலும் ஒரு லித்தியம் செல்லும் தாங்கிவிடும். லித்தியம் செல்லின் 3.7 வோல்ட் இதற்குப் போதாது, 5 வோல்ட் பூஸ்டர் வைத்துக் கொடுங்கள். தனுஷ்கோடி மாதிரி கம்பி எட்டாத இடத்துக்கு இது பொருந்தும். எச்.பி. 100 30 மில்லி ஆம்பியர் அளவில் குடிக்கும், ஒரு நாளைக்கு 720. அதற்கு பேனலும் பேட்டரியும் பெரிதாக வேண்டும்.

போர்டில் பாம்பு மாதிரி வளைந்து போகும் செப்புக் கோடும், நடுவில் ஒரு குட்டி டிரான்சிஸ்டரும் தெரியும். அதுதான் ஆஸிலேட்டர் (அலையை உண்டாக்குவது), ஆண்டெனா, ரிசீவர் எல்லாமே. எனவே அந்தப் பக்கத்தைத் தொடுவதும், அதன் மேல் டேப் ஒட்டுவதும், கோந்து ஊற்றுவதும் அதிர்வெண்ணையே நகர்த்திவிடும். உதிரிகள் இருக்கும் பக்கம் ஆள் வரும் திசையைப் பார்க்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் 1 செ.மீ.க்குள் உலோகம் எதுவும் கூடாது.

இது முன்னும் பின்னும் பார்க்கும். பின்பக்கம் மறைக்க 10 செ.மீ. சதுரத்தில் ஒரு அலுமினியத் தகடு வெட்டி, போர்டுக்குப் பின்னால் 24 மி.மீ. தள்ளி வையுங்கள். கால் அலைநீளம் என்பதால் பின்னால் போகும் அலை திரும்பி முன்பக்க அலையோடு சேரும். பக்கத்து அறை மறையும், முன்பக்கம் கொஞ்சம் கூடும். தகடு உறுதியாக இருக்க வேண்டும், நெளியக் கூடாது.

சப்ளைக்கு இப்படிச் செய்யுங்கள்: 5 வோல்ட் கோட்டில் 100 ஓம் ரெசிஸ்டர் தொடராக, அதன் பின் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கூடவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், மாட்யூலின் கால்களுக்குப் பக்கத்திலேயே. 3 மில்லி ஆம்பியருக்கு ரெசிஸ்டரில் இறங்குவது 0.3 வோல்ட்தான், 4.7 வோல்ட் மிச்சம் இருக்கும், போதும். இந்த ஜோடி 3.4 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டத் தொடங்கும். 100 ஹெர்ட்ஸ் முப்பதில் ஒரு பங்காகிவிடும். இந்த இரண்டு ரூபாய் ரெசிஸ்டரைப் போல வேறெதுவும் பலன் தராது.

அவுட்புட் 3.3 வோல்ட், நேரடியாக ரிலேயை இழுக்காது. 1 கிலோ ஓம் வழியாக பி.சி. 547 டிரான்சிஸ்டர், ரிலே சுருளுக்குக் குறுக்கே 1 என் 4007 டயோடு. டயோடு மறந்தால் ரிலே விடும்போது வரும் குத்து மாட்யூலை மறுபடி எழுப்பும். அணைந்த விளக்கு உடனே எரியும், 2 வினாடி கழித்து அணையும், மறுபடி எரியும். விடிய விடிய கிளிக், கிளிக். டயோடு போட்டும் இது நின்றபாடில்லை என்றால் ரிலேக்கும் சென்சாருக்கும் தனித்தனிக் கம்பி இழுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் எழுதி ஓட்டும் சிப்) இருந்தால் விளக்கை அணைத்த பின் 3 வினாடிக்கு சென்சாரைப் பார்க்காதே என்று எழுதிவிடுங்கள். கரண்டு வந்தவுடனும் முதல் 30 வினாடியைத் தள்ளிவிட வேண்டும். நம் ஊரில் கரண்டு போய் வரும் எண்ணிக்கைக்கு, இது இல்லாவிட்டால் அலாரம் வைத்த வீட்டில் யாரும் தூங்க முடியாது.

சி.டி.எஸ். என்று எழுதியுள்ள இடத்தில் எல்.டி.ஆர். (வெளிச்சத்தை உணரும் ரெசிஸ்டர்) ஒன்றை சால்டர் வைத்தால் பகலில் தானாக ஓய்வெடுக்கும். ஆர்-ஜி.என். இடத்தில் 1 மெகா ஓம் வைத்தால் ரேஞ்ச் 7 மீட்டரிலிருந்து 5 ஆகும். சி-டி.எம். இடத்தில் கெப்பாசிட்டர் கூட்டினால் எரியும் நேரம் கூடும், ஆனால் நேரத்தை மைக்ரோகன்ட்ரோலரில் வைப்பதே சுலபம்.

வைஃபை பற்றி ஒரு எச்சரிக்கை. இ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை போர்டை இதே பெட்டியில் ஒட்டி வைத்தால், அது டேட்டா அனுப்பும் ஒவ்வொரு தடவையும் சென்சார் எகிறும். ஒரு அடியாவது தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கிரவுண்டில் சேர்த்த தகடு ஒன்று வேண்டும். இரண்டு ஆர்.சி.டபிள்யூ.எல். மாட்யூல்களையும் 1 மீட்டருக்குள் வைக்காதீர்கள், ஒன்றின் அலையை மற்றது தன் திரும்பலாக எடுத்துக்கொள்ளும்.

எச்.பி. 100: முற்றம், படகுக் கொட்டகை, கருவாட்டுக் களம்

திசை வேண்டும், என்ன அசைகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் இதுதான். முகத்தில் நான்கு செப்புச் சதுரம்: ஒரு ஜோடி அனுப்ப, ஒரு ஜோடி வாங்க. கதிர் ஒரு பக்கம் 80 டிகிரி விரியும், மறு பக்கம் 40 டிகிரிதான். ஒரு ஜோடியின் இரண்டு சதுரமும் எந்தத் திசையில் வரிசையாக நிற்கிறதோ அந்தத் திசையில்தான் குறுகும். வெளியில் மாட்டும்போது அந்த ஜோடி ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கட்டும். கதிர் தட்டையாக விசிறி மாதிரி விரியும்.

உயரம் 2.4 மீட்டர், கீழ்நோக்கி 20 டிகிரி சாய்வு. கதிரின் மேல் விளிம்பு படுக்கையாக நிற்கும், நடு 6.6 மீட்டரில் தரையைத் தொடும், கீழ் விளிம்பு 2.9 மீட்டரில். பனையின் தலை முழுக்கக் கதிருக்கு மேலே போய்விடும். மேலே வானத்தைப் பார்க்க வைத்துவிட்டு ஃபில்டரில் மாரடிப்பதைவிட இந்த ஒரு சாய்வு பல மடங்கு மேல்.

மாட்யூலிலிருந்து வருவது மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும். எல்.எம். 324 அல்லது எல்.எம். 358 ஆப்-ஆம்ப் வைத்து இரண்டு படியாகப் பெருக்குவது வழக்கம். முதல் படியில் 10 கிலோ ஓம், 1 மெகா ஓம்; இரண்டாவதில் 8.2 கிலோ ஓம், 1 மெகா ஓம். இரண்டு 1 மெகா ஓமுக்கும் குறுக்கே 2.2 நானோஃபாரட், சின்ன ரெசிஸ்டர்களோடு தொடராக 4.7 மைக்ரோஃபாரட். மொத்தப் பெருக்கம் ஏறத்தாழ 12,000. கீழே 3, 4 ஹெர்ட்ஸில் வெட்டும், மேலே 72இல். பெரிய மழைத்துளி வினாடிக்கு 6 முதல் 9 மீட்டர் வேகத்தில் விழும், நேராக சென்சாரை நோக்கி வந்தால் அது 420 முதல் 630 ஹெர்ட்ஸ்; 20 டிகிரி சாய்வில் அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனாலும் 72க்கு மேலேதான். பறக்கும் காக்கையும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆகவே விழும் மழையும் களத்தின் மேல் பறக்கும் காக்கையும் இந்த ஃபில்டரில் பெருமளவு அடங்கிவிடும். இறங்கிக் கருவாட்டைக் கொத்தும் காக்கையும் நாயும் அடங்காது. கருவாட்டுக் களத்தில் அவற்றை விரட்ட பஸ்ஸர் வைப்பவருக்கு அதுதானே வேண்டும்.

டியூப் லைட்டின் 100 ஹெர்ட்ஸ் மட்டும் இந்த சர்க்யூட்டில் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். அதற்கு சாஃப்ட்வேரில் சுலபமான வழி உண்டு. வினாடிக்கு 1000 தடவை அளந்து, கடைசிப் பத்து அளவுகளின் சராசரியை ஓடவிடுங்கள். பத்து அளவு என்றால் 10 மில்லி வினாடி, சரியாக 100 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று; ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துச் சுழியாகிவிடும். 200, 300 ஹெர்ட்ஸும் கூடவே போய்விடும். ஆள் மெதுவாக நடக்கும் 20 ஹெர்ட்ஸில் 94 சதவீதம் அப்படியே நிற்கும், 50இல் 64 சதவீதம்.

அப்புறம் சுற்றுகளை எண்ணுங்கள். நடுவோல்டேஜை மேலும் கீழும் கடந்தால் ஒன்று. இரைச்சலுக்காகச் சின்ன இடைவெளி விட்டுக் கடந்தால்தான் எண்ண வேண்டும். 150 மில்லி வினாடி எந்தக் கடப்பும் இல்லையென்றால் எண்ணிக்கையைச் சுழிக்குத் திருப்புங்கள். தொடர்ந்து 60 சுற்று வந்தால், அதாவது 85 செ.மீ. தொடர்ந்து நகர்ந்தால், ஆள். ஆடும் கிளை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு கணம் நிற்கும். அந்த நிறுத்தத்தில் எண்ணிக்கை விழுந்துவிடும். ஆடிக் காற்றில் பனை முழுவதும் ஆடும்போது ஓலைகள் ஒரே நேரத்தில் நிற்பதில்லை, ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும். அங்கே இந்தக் கணக்கு தோற்கும். இரண்டு வெளியீடு கொண்ட, வருவதா போவதா என்று சொல்லும் மாட்யூல்தான் அதற்கு வேண்டும். முன்னும் பின்னும் கூட்டிக் கழித்தால் மரம் சுழியில் நிற்கும், ஆள் நிற்க மாட்டார்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் மாட்யூலையே கொல்லும் விஷயம்: எச்.பி. 100இன் சிக்னல் காலில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது இரண்டு அலையையும் கலக்கும் மென்மையான மிக்ஸர் டயோடு, கையில் உள்ள நிலைமின்சாரமே போதும் அதைச் சாகடிக்க. செத்த மாட்யூலும் கரண்டு குடிக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும், சிக்னல் மட்டும் வராது. முதலில் கிரவுண்டை சால்டர் வையுங்கள், சிக்னலைக் கடைசியில்.

பெட்டியும் உப்பும்

இரும்புப் பெட்டி, அலுமினியப் பெயிண்ட், வெள்ளி நிற ஸ்ப்ரே எதுவும் முன்பக்கம் ஆகாது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பெட்டி, முன்பக்கத் தடிமன் 1.5 முதல் 2 மி.மீ. சென்சார் முகத்துக்கும் மூடிக்கும் இடைவெளி அரை அலைநீளம்: எச்.பி. 100க்கு 14 மி.மீ., சி.டி.எம். 324க்கு 6 மி.மீ. இடைவெளி தப்பினால் மூடியில் பட்டுத் திரும்பும் அலையே ரேஞ்சைத் தின்னும். மூடி தளர்ந்திருந்தால் அது காற்றில் நடுங்கி, தானே ஒரு பொருளாகத் தெரியும். ஆகவே நான்கு திருகும் இறுக்கமாக இருக்கட்டும், எஸ்.எஸ். 304 நம் கரையில் செம்மண் நிறமாகும், கிடைத்தால் 316 வாங்குங்கள்.

கம்பி கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அடியில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். முழுக்க அடைத்த பெட்டியும் வெயிலில் விரிந்து ராத்திரியில் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். இழுத்த உப்பு ஈரம் வெளியே போக வழி வேண்டும். செருகி எடுக்கும் பெர்க் பின் கனெக்டர் இங்கே ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, பச்சை பூத்துவிடும். கம்பியை நேரடியாக சால்டர் வையுங்கள். பாதுகாப்பு லாக்கர் பூச வேண்டுமென்றால் ஆப்-ஆம்ப் பக்கம், ரெகுலேட்டர் பக்கம் மட்டும். ஆண்டெனாவிலும் ஆஸிலேட்டரிலும் துளிகூடப் படக் கூடாது. 230 வோல்ட்டை வெளிப் பெட்டிக்குள் கொண்டுபோகவே வேண்டாம். சென்சார் வெளியே 12 வோல்ட்டில் இருக்கட்டும் (எச்.பி. 100 என்றால் பெட்டிக்குள் ஒரு 7805), ரிலே வீட்டுக்குள் இருக்கட்டும், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் இருக்கட்டும்.

மூடியில் படியும் உப்பு காய்ந்திருக்கும்போது பாதகமில்லை. விடிகாலைப் பனியில் அது ஈரமானதும் உப்புத் தண்ணீர்ப் படலமாகி அலையைக் குடிக்கும். அதிகாலை நாலு மணிக்கு மட்டும் ரேஞ்ச் பாதியாகிறது என்றால் காரணம் இதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குடிதண்ணீரில் ஒரு குவளை.

சோதனையைப் பிற்பகலில் வையுங்கள், கடற்காற்று ஏறியிருக்கும் நேரம். முதலில் யாரும் நடக்காமல் ஒரு மணி நேரம் எத்தனை தடவை எரிகிறது என்று எண்ணுங்கள். பிறகு நேராக நடந்து வந்தும், குறுக்கே கடந்தும், எந்த இடத்தில் எரிகிறது என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். சும்மா எரியும் எண்ணிக்கை சுழியாகும் வரை திசை, சாய்வு, சப்ளை, தகடு என்று வரிசையாக மாற்றுங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் சென்சிடிவிட்டி. அலாரம் என்றால் டாப்ளரும் பி.ஐ.ஆரும் சேர்ந்து சொன்னால்தான் ஊத வேண்டும் என்று வைப்பது நல்லது, காற்று பி.ஐ.ஆரை எளிதில் ஏமாற்றாது, டியூப் லைட்டும் ஏமாற்றாது. ஆனால் கோடை ராத்திரியில் அந்த ஜோடி மந்தமாகும், விளக்குக்கு அது வேண்டாம்.

கடைசியாக, அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: லாட்ஜ் பாத்ரூம், படிக்கும் அறை இவற்றுக்கெல்லாம் சாதாரண டாப்ளர் ஆகாது. எல்.டி. 2410 மாதிரி 24 கிகாஹெர்ட்ஸில் அதிர்வெண்ணை ஏற்றி இறக்கி அனுப்பும் மாட்யூல் வாங்குங்கள். மூச்சு விடும்போது நெஞ்சு அசைவதையே அது பிடிக்கும். தூரத்தை 0.75 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் எவ்வளவு சென்சிடிவிட்டி என்று தனித்தனியாக வைக்கலாம். கதவுக்கு வெளியே நடப்பவரை அந்தத் துண்டை மட்டும் மூடி விலக்கலாம். 5 வோல்ட்டில் 80 மில்லி ஆம்பியர் அளவில் குடிக்கும், ஆகவே பேட்டரிக்கு ஏற்றதல்ல. ஃபேன் இறக்கை அதன் பார்வைக்குள் வராதபடி சுவரில் மாட்டுங்கள், கூரையில் வேண்டாம்.